படிக்கட்டு இல்லாத மாடி
கெட்ட ஊர்க் கதைகளும் கந்தக பூமியும்

(விருதுநகரில் மாணவர்கள் கூடிய இலக்கியக் கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு மாறாமல் சில இடங்கள் மட்டும் விரித்து எழுதப்பட்டுள்ளன.)



வர்க்கமாய்ப் பிளந்து கிடக்கிற எதிர்காலச் சமூகத்தைப் பற்றிய கதைகள். இதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. இங்கிலீஷ்ல இதுக்கு டிஸ்டோப்பியான்னு பேரு. 1516-இல் தாமஸ் மோர் ஒரு நல்ல தீவைக் கற்பனை பண்ணி அதுக்கு உடோப்பியான்னு பேரு வச்சார். அதைக் கவுத்துப் போட்டா டிஸ்டோப்பியா. நாம் தமிழில் கெட்ட ஊர்க் கதை என்று வைத்துக்கொள்வோம். இன்றைய உலகத்தில் இருக்கிற ஒரு கொடுமையை எடுத்து, அதை இன்னும் நூறு வருஷம், ஆயிரம் வருஷம் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிற கதை. எங்க ஊர்க் கிழவிகளிடம் இதைச் சொன்னால், "அதுக்கு எதுக்குய்யா ஆயிரம் வருசம்? காலையில ஆறு மணி பஸ்ஸுல ஏறுனா சாத்தூரு தாண்டி இறங்கிப் பாத்துட்டு வந்துரலாமே" என்பார்கள். நான் இன்றைக்குச் சொல்லப்போவது ஏறத்தாழ அதுதான். ஆனால் அவ்வளவு சுளுவாக முடித்துவிடவும் முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கதைகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

1895-இல் எச்.ஜி. வெல்ஸ் 'கால எந்திரம்' எழுதினார். எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் மனித இனம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பூமிக்கு மேலே ஈலாய்கள் - அழகானவர்கள், வேலையற்றவர்கள், விளையாடித் திரிகிறவர்கள். பூமிக்குக் கீழே மார்லாக்குகள் - இருட்டில் எந்திரங்களோடு கிடக்கிறவர்கள். முதலாளியும் தொழிலாளியும் பல்லாயிரம் தலைமுறை பிரிந்தே வாழ்ந்ததில் இரண்டு தனி உயிரினங்களாகிவிட்டார்கள். ராத்திரியில் கீழே இருப்பவன் மேலே வந்து மேலே இருப்பவனைத் தின்கிறான்.

1927-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மேலே வான் தொடும் நகரம், பாதாளத்தில் தொழிலாளர் குடியிருப்பு. கீழே கலகம் வெடிக்கிறது. கடைசிக் காட்சியில் என்ன நடக்கிறது? முதலாளியும் ஃபோர்மேனும் கை குலுக்குகிறார்கள். முதலாளியின் மகன் நடுவில் நின்று இரண்டு கையையும் சேர்த்து வைக்கிறான். மூளைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டுமாம். நமக்கு இந்தக் காட்சி புதுசா என்ன? சாதிக் கலவரம் முடிந்ததும் தாலுகா ஆபீஸில் கூட்டுகிற அமைதிப் பேச்சுவார்த்தையில் அடிச்சவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, அதேதான்.

2013-இல் தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 'ஸ்னோபியர்சர்' எடுத்தார். உலகமே உறைந்துபோய், மிச்சமிருக்கிற மனிதர்கள் நிற்காமல் ஓடும் ஒரு ரயிலில். முன்பெட்டிகளில் பணக்காரர்கள், வால்பெட்டியில் ஏழைகள். வால்பெட்டிக்காரர்கள் பெட்டி பெட்டியாக உடைத்துக்கொண்டு எஞ்சின்வரை போய்ச் சேர்கிறார்கள். அங்கே தரைப்பலகைக்குக் கீழே ஒரு சின்னப் பையன் குனிந்து கையால் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறான். தேய்ந்துபோன பாகத்துக்கு மாற்றுப் பாகம் கிடையாது. அந்தச் சின்ன இடத்துக்குள் நுழைய சின்ன உடம்புதான் வேண்டும். அதற்காகத்தான் வால்பெட்டியிலிருந்து குழந்தைகளை அளவெடுத்துக் கூட்டிப்போனார்கள். இந்தக் குழந்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்ப வருகிறேன்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மேல், கீழ். முன், பின். ரண்டே ரண்டு. இரண்டாக இருப்பதால் சண்டையும் நேரடியாக இருக்கிறது. கீழே இருப்பவன் ஒரே ஆள். அவன் எழுந்தால் மேலே இருப்பவன் விழுவான். இது ஐரோப்பா தன் தொழிற்சாலைகளைப் பார்த்துக் கண்ட கெட்ட கனவு. அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கனவை அப்படியே தூக்கிவந்து விருதுநகர் மாவட்டத்தில் வைத்தால் அது இங்கே காலூன்றி நிற்காது.

ஏனென்றால் நம்முடையது இரண்டடுக்கு அல்ல. 1920 ஜனவரி 31-இல் வெளிவந்த 'மூக்நாயக்' முதல் இதழிலேயே பாபாசாகேப் அம்பேத்கர் இதைச் சொல்லிவிட்டார். இந்து சமூகம் பல மாடிக் கோபுரம். ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போகப் படிக்கட்டு இல்லை. பிறந்த மாடியிலேயேதான் சாக வேண்டும். அப்போது அவருக்கு வயது 28. எந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளனும் இவ்வளவு கச்சிதமான கெட்ட ஊரைக் கட்டியதில்லை என்பது என் எண்ணம். பின்னால் 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அவரே இதைப் பொருளாதார மொழியில் சொன்னார்: சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவன்மேல் ஒருவனாக அடுக்குவது.

அடுக்கின் சூட்சுமம் எங்கே இருக்கிறது? மேலே இருப்பவன் மிதிப்பதில் மட்டும் இல்லை. கீழே இருக்கிறவனுக்கும் மிதிக்க ஓர் ஆள் கிடைக்கிறான் என்பதில் இருக்கிறது. வெல்ஸின் மார்லாக்குகளில் மேல் மார்லாக்கு, கீழ் மார்லாக்கு கிடையாது. இங்கே உண்டு.

இதைக் கொஞ்சமாவது பிடித்த வெளிநாட்டுக்காரர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. 1932-இல் வெளிவந்த அவருடைய 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலில் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து அடுக்கு. அவர் 'கிளாஸ்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். 'காஸ்ட்' என்றுதான் எழுதுகிறார். குழந்தைகளைப் புட்டிகளில் வளர்க்கிறார்கள். எந்தப் புட்டி எந்தச் சாதி என்று பிறக்கும் முன்பே முடிவாகிவிடும். டெல்டாக் குழந்தைகள் தவழ்ந்துபோய்ப் புத்தகத்தையும் பூவையும் தொட்டால் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பிறகு ஆயுசுக்கும் புத்தகம் என்றாலே பயம். ஒவ்வொரு அடுக்குக் குழந்தைக்கும் தூக்கத்தில் காதோரம் பாடம் சொல்கிறார்கள்: நல்லவேளை, நீ உனக்குக் கீழே இருக்கிறவனாகப் பிறக்கவில்லை. இன்னொரு இடம் வருகிறது, படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாளைக்கு ரசாயன ஆலைகளில் வேலை பார்க்கப்போகிற கருக்களுக்குப் புட்டியிலேயே ஈயத்தையும் காஸ்டிக் சோடாவையும் தாரையும் குளோரினையும் தாங்கிக்கொள்ளப் பழக்குகிறார்கள். பிரான்சில் உட்கார்ந்து எழுதிய கற்பனை. நம்ம பக்கம் வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பெண்கள் வாயும் வயிறுமாக மருந்து அறைக்குப் போய்வந்த காலம் அவருக்குத் தெரியாது.

ஹக்ஸ்லியும் ஒரு இடத்தில் தவறுகிறார். அவருடைய எப்சிலானுக்கு மூளை வளராமல் செய்துவிடுகிறார்கள். அவன் தன் நிலைமையில் திருப்தியாக இருக்கிறான். நம்ம ஜனங்களுக்கு அப்படி எதுவும் செய்ய முடியவில்லை, தோழர்களே. எல்லாம் தெரியும். தெரிந்தேதான் போகிறார்கள். முன்பணம் வாங்கியாச்சு, போகாமல் முடியாது. அறிவை அழிக்காமலே ஓர் ஆளை அறைக்குள் வைக்க முடியும் என்பதை ஹக்ஸ்லி யோசிக்கவில்லை.

அடுத்த கேள்வி: இந்தக் கெட்ட கனவுகளை யார் காண்கிறார்கள்?

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985-இல் 'ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' எழுதினார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட விதி ஒன்று பிரசித்தம்: மனித வரலாற்றில் எங்காவது, எப்போதாவது நடக்காத எதையும் கதைக்குள் விடக்கூடாது. நல்ல விதி. ஆனால் கறுப்பு அடிமைப் பெண்களுக்கு நடந்தது வெள்ளைப் பெண்களுக்கு நடந்தால் அது எதிர்காலப் பயங்கரம். கறுப்புப் பெண்களுக்கு நடந்தபோது அது வெறும் வரலாறு என்று ஒரு விமர்சனமும் உண்டு. இந்தியாவிலும் அப்படித்தான். 2017-இல் பிரயாக் அக்பர் 'லைலா' எழுதினார். 2019-இல் அது தொடராகவும் வந்தது. சமூகத்துக்கு ஒரு மதில், மதிலுக்கு ஒரு வாசல், தூய்மை காக்கும் கும்பல், மதிலுக்கு வெளியே குடிசைவாசிகள். மகளைப் பறிகொடுத்த ஒரு வசதியான தாய் தேடித் திரிகிறாள். நேர்மையான நாவல், மறுக்கவில்லை. ஆனால் மதிலுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சாதிச் சுவர் எழும்பி, 2008 மே மாதம் அதில் ஒரு துண்டை இடித்துப் பாதை விடுவதற்குள் ஏறத்தாழ இருபது வருஷம் ஓடிவிட்டது.

தமிழில் சுஜாதா 1980-களில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். சர்வாதிகாரி ஜீவா ஆளும் எதிர்கால இந்தியா. பேசும் எந்திர நாய். நானும் ஆசையாய்ப் படித்தவன்தான். அவர் எழுதிய ஆண்டுகள் நம்மைத் தாண்டிப் போய்விட்டன. அந்த எதிர்காலத்தில் சேரி எந்தத் தெருவில் இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சாதி தானாக உதிர்ந்துவிட்ட எதிர்காலத்தை இவ்வளவு சுலபமாகக் கற்பனை செய்ய யாருக்கு முடியும்? அதைச் சுமக்காதவனுக்குத்தான் முடியும்.

இப்போ நாம அட்வுட்டின் விதியை எடுத்துக்குவோம். நடக்காத எதையும் சேர்க்காமல் ஒரு கெட்ட ஊரை எழுதுவோம். நான் சொல்லச் சொல்லக் கேளுங்கள்.

ஒரு மாவட்டம். அங்கே ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, வெள்ளையனை எதிர்த்து மாண்ட ஒரு தளபதியின் பெயரை வைக்கிறார்கள். அவர் பிறந்த சாதி பிடிக்காதவர்கள் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்கிறார்கள். ஊரெல்லாம் கலவரம், தீவைப்பு, சாவு. அரசாங்கம் கடைசியில் என்ன செய்தது? மாநிலத்தில் உள்ள எல்லா மாவட்டங்களுக்கும் எல்லாக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அழித்துவிட்டது. இது 1997. கழகம் வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம். மாவட்டம் நம்ம மாவட்டம். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான்.

அதே மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே பத்து வருஷம் அந்த நாற்காலியில் ஒருவரையும் உட்கார விடவில்லை. கொட்டக்கச்சியேந்தல். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-இல் தொடங்கி 2006 அக்டோபர்வரை. தேர்தல் ஆணையம் இருந்தது, வாக்குச்சீட்டு இருந்தது, அரசியல் சட்டம் இருந்தது. தலைவர்தான் இல்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் மலத்தைக் கலந்திருந்தார்கள். எந்த நாவலாசிரியனாவது இப்படி எழுதினால், 'மிகைப்படுத்தல்' என்று பதிப்பாசிரியர் அடித்துவிட மாட்டாரா?

சரி, இனிப் பட்டாசுக்கு வருவோம்.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 1923-இல் தொழில் தொடங்கியது. பிறகு பட்டாசு, பிறகு அச்சு. மழை பெய்யாத கரிசல் பூமி. காய்ந்த காற்று மருந்து உலர்த்த நல்லது. விவசாயம் பொய்த்த கிராமங்களில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நேரு 'குட்டி ஜப்பான்' என்றாராம். இந்தியாவின் பட்டாசில் சுமார் 90 விழுக்காடு இங்கிருந்து போகிறது என்று தொழில்காரர்கள் சொல்கிறார்கள். எங்க பக்கம் யாரும் ஆலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். ஆபீசுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சனம் தீக்குள் போகிறது.

'ஸ்னோபியர்சர்' குழந்தைக்கு இப்போது வருகிறேன். 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். விடியுமுன் பஸ்ஸில் ஏற்றப்படும் பிள்ளைகள், சட்டத்தில் குச்சி அடுக்கும் விரல்கள். அதே காலத்தில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உற்பத்தி அறைகளில் குழந்தைகள் கூடாது. ஆனால் தள்ளி உள்ள இடத்தில் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பெரியவர் கூலியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பிரித்து அடுக்கும் வேலைக்குக் குழந்தைகளின் மென்மையான கைகளே பொருத்தம் என்ற கருத்தும் அதில் இருந்தது. நல்லது செய்ய நினைத்த வழக்கு, நல்லது செய்ய நினைத்த நீதிமன்றம். அதற்குள்ளும் எந்திரத்துக்குச் சின்ன உடம்பு வேண்டும் என்ற அந்தக் கணக்கு புகுந்துவிட்டது பார்த்தீர்களா? கொரியாக்காரர் படம் எடுக்க இன்னும் 23 வருஷம் இருந்தது.

1996 டிசம்பர் 10-இல் அதே மேத்தா வழக்கில்தான் நிலை மாறியது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றானது. அந்தத் தீர்ப்பும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த போராட்டங்களும், சத்துணவும், பள்ளிக்கூடமும் சேர்ந்து ஒரு தலைமுறையை வெளியே கொண்டுவந்தன. இந்த அவையில் இருக்கிற பல பேருடைய அம்மாக்கள் குச்சி அடுக்கியவர்கள். நீங்கள் எம்.ஏ. படிக்கிறீர்கள். இது சின்ன விஷயமில்லை. கெட்ட ஊரில் ஒரு விதியை மாற்ற முடியும் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. இதைச் சொல்லாமல் அழுதுகொண்டு மட்டுமே இருந்தால் அதுவும் பொய்யாகிவிடும்.

ஆனால் அம்மாக்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ நாற்பது பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபது பேருக்கு மேல். 2023 அக்டோபர், ரெங்கபாளையம். 2024 மே, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை, சின்னக்காமன்பட்டி. இடையில் ஒருவர், இருவர், மூவர் என்று போனவர்களுக்கு ஊர்ப்பெயர்கூடப் பத்திரிகையில் ஒழுங்காக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே சொல்: விபத்து.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலையின் அமைப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது விபத்து நடக்கும் என்று எதிர்பார்த்தே கட்டப்பட்ட இடம். ஒரே பெரிய கட்டடம் கிடையாது. சின்னச் சின்ன அறைகள், அறைக்கும் அறைக்கும் இடைவெளி. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான். ஓர் அறை வெடித்தால் அதில் உள்ளவர்களோடு முடியட்டும், அடுத்த அறை தப்பட்டும் என்பதுதான் அதன் கணக்கு. பாதுகாப்புக்கான கணக்குத்தான், குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கைக் கடைப்பிடித்தால் சாவு குறையும். ஆனால் நடப்பது என்ன? உரிமம் ஒருவர் பேரில். அறைகள் பல பேருக்கு உள்குத்தகையில். குத்தகைக்காரன் போட்ட காசைத் தீபாவளிக்குள் எடுக்க வேண்டும். அதனால் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர், அறை போதாமல் மரத்தடியில் வேலை. சாயங்காலம் மிஞ்சிய மருந்து காலையில் அதே அறையில். கூலி எண்ணிக்கைக்கு. வேகமாய்ச் செய்தால்தான் காசு, வேகமாய்ச் செய்தால் உராயும், உராய்ந்தால் தீ. இதில் விபத்து எங்கே இருக்கிறது? ஒவ்வொரு கண்ணியையும் ஒருவர் முடிவெடுத்துக் கோர்த்திருக்கிறார்.

கெட்ட ஊர்க் கதை என்ற வடிவத்தால் நமக்கு உள்ள பிரயோசனம் இதுதான் என்று நினைக்கிறேன். யதார்த்தக் கதை ஒரு தாயின் சாவைச் சொல்லி நம்மை அழவைக்கும். அழுதுவிட்டு 'விதி' என்று எழுந்துபோய்விடவும் வழி உண்டு. கெட்ட ஊர்க் கதை சட்டதிட்டத்தைக் காட்டும். இங்கே யார் எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம், எந்த அறைக்கு எந்தத் தெரு ஆளை அனுப்புவது, யார் செத்தால் எவ்வளவு என்று எழுதிவைத்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டும். மனிதன் எழுதிய புத்தகம் என்றால் மனிதன் கிழிக்கலாம்.

இடதுசாரித் தோழர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். "நீங்க சொல்றது வர்க்கம்தானே, இதுல சாதி எங்க வந்துச்சு? வெடிச்சா எல்லாச் சாதியும்தானே சாகுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆமாம், ஓர் அறைக்குள் பள்ளர் வீட்டுப் பெண்ணும் தேவர் வீட்டுப் பெண்ணும் சக்கிலியர் வீட்டுப் பெண்ணும் ஏழை நாடார் வீட்டுப் பெண்ணும் உட்கார்ந்து ஒரே கூலிக்குச் சரம் பின்னியிருக்கிறார்கள். தீ சாதி பார்க்காது. ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் ஒன்றாகத்தான் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். பிறகு வேன் ஊருக்கு வருகிறது. ஊர் முக்கில் வேன் பிரிகிறது. ஒரே அறையில் கரிந்தவர்களுக்கு இரண்டு சுடுகாடு, இரண்டு பாதை. வர்க்கம் அறைவாசல்வரை வருகிறது. அதற்குப் பிறகு சாதி வந்து பிணத்தை வாங்கிக்கொள்கிறது. அறைக்குள் கிடைத்த அந்த ஒற்றுமையை வெளியே கொண்டுவர முடியாமல் போனது ஏன் என்று கேட்காத வர்க்க அரசியல், வெல்ஸின் இரண்டடுக்குக் கதையைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். அதனால் ஒன்று சொல்ல முடியும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற எந்திரம் வந்ததிலிருந்து, பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களில் பல பேருக்கு ரேகை விழுவதில்லை. காகிதக் குழாய் உருட்டி உருட்டி, மருந்து பட்டுப் பட்டு, விரல் வழவழவென்று ஆகிவிடுகிறது. துடைத்துவிட்டு வை, வேறு விரலை வை, எண்ணெய் தடவி வை என்று ஒவ்வொருவராக யோசனை சொல்வோம். ஒருநாள் ஒரு வயசான அக்கா பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, அந்த மிசினுக்கு என்னத் தெரியலன்னா நான் இல்லைன்னு ஆயிருமா?" இல்லைக்கா, வேற வழி இருக்கு என்று சொல்லி, பாரம் எடுத்து நிரப்பிப் பணம் கொடுத்து அனுப்பினேன். குடிமக்களுக்கு எண் போட்டு அடையாளத்தைப் பிடுங்குவதாகத்தான் அந்த நாவல்கள் எழுதின. இங்கே அடையாளத்தை வேலையே அழித்துவிடுகிறது. பிறகு அரசாங்கம் அதைக் காட்டு என்று கேட்கிறது.

டெல்லியையும் சொல்ல வேண்டும். 2015-இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பேரில் பட்டாசுப் புகைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2018 அக்டோபர் 23-இல் தீர்ப்பு: பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளிக்கு ராத்திரி எட்டிலிருந்து பத்துவரை. அந்தக் குழந்தைகளின் நுரையீரல் நியாயமானது. எந்தக் குழந்தையும் புகையைக் குடிக்க வேண்டியதில்லை. ஆனால் அலுமினியப் பவுடரையும் கந்தகத்தையும் வருஷம் முந்நூறு நாள் சுவாசிக்கிறவளின் நுரையீரல் அந்த வழக்கில் எந்தப் பக்கம் நின்றது? முதலாளிகளின் வக்கீல் அவளைத் 'தொழிலாளர் வாழ்வாதாரம்' என்று தன் பக்கம் நிறுத்தினார். அவள் தானாக வந்து, "எனக்கு வேலையும் வேணும், உசுரும் வேணும்" என்று சொல்ல ஒரு நாற்காலி இல்லை. சரம் பின்னியவளின் கூலி போனது. அவளுக்கு மாற்றுவேலை என்ன என்று கேட்க ஆளில்லை.

தோழர்களே, இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது.

1899 ஜூன் 6-இல் சிவகாசி தாக்கப்பட்டது. நாடார்கள் கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டார்கள் என்பதற்காக ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து ஊரைக் கொளுத்தினார்கள். கமுதி கோயிலுக்குள் போனதற்காக வழக்குப் போட்டு, லண்டன் பிரிவி கவுன்சில்வரை இழுத்து, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. பூமணி 2012-இல் 'அஞ்ஞாடி'யில் இந்தக் காலத்தை விரித்து எழுதியிருக்கிறார், படியுங்கள். எரிந்த ஊரிலிருந்து எழுந்து மகமை சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டித் தொழில் கட்டி நிமிர்ந்த வரலாறு அது. அதிலிருந்து நாம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எரிக்கப்பட்டவர்கள் எழுந்து கட்டிய தொழிலில் அடுத்து எரிவது யார்? ஒரு சாதியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைக் கேட்கவில்லை. அப்படிச் செய்வது அடுக்கின் வேலையைச் சுலபமாக்கும். மாடியில் படிக்கட்டு இல்லை என்றார் அம்பேத்கர். ஒரு கூட்டம் சுவரைப் பிடித்துத் தன் தெம்பில் மேல்மாடிக்கு ஏறிவிட்டாலும் அங்கே படிக்கட்டு வந்துவிடுவதில்லை; மாடி அப்படியே நிற்கிறது. இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கும் உண்டு. 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம் மேடைகளில் என்னென்ன பேசப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொன்னபோதும் அதே பேச்சு. சாக்கடைக்குள் இறங்குகிறவன் யார், மேடையில் பேசுகிறவன் யார் என்று ஒரு சக்கிலிய இளைஞன் கேட்டால் அவனைப் பிரிவினைவாதி என்கிறோம். நம்மைப் பார்த்து வர்க்கத் தோழர்கள் சொன்ன அதே வார்த்தை இல்லையா இது? நமக்குக் கீழே ஒரு மாடி இருக்கிறது என்பதைப் பார்க்க மறுத்தால், ஹக்ஸ்லியின் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் சொன்ன பாடம் நமக்கும் சொல்லப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எழுதுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன்.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. வத்திராயிருப்புப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 'கருக்கு' தந்தது 1992-இல். அடுத்து வந்த 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சின்னப்பெண் மைக்கண்ணியைக் காட்டினார். பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று தீப்பெட்டித் தொழிலில் கருகும் பிள்ளைகளைப் பற்றிப் படமே எடுத்தார். இவர்கள் நடந்ததை எழுதினார்கள். அது முதல் வேலை. சாட்சியம் இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக நம்மிடம் சாட்சியத்தை மட்டும்தான் கேட்கிறார்கள். "உங்க வலியச் சொல்லுங்க" என்கிறார்கள். எதிர்காலத்தைக் கற்பனை செய்கிற உரிமை மட்டும் இன்னும் மேல்மாடியிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க முடியாது, எழுதித்தான் எடுக்க வேண்டும்.

கெட்ட ஊரை மட்டும் எழுதவும் சொல்லவில்லை. சந்த் ரவிதாஸ் ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே துக்கமும் வரியும் இல்லாத 'பேகம்புரா' என்ற ஊரைப் பாடினார். அவர் தோல் வேலை செய்தவர். ரொக்கையா என்ற வங்காள முஸ்லிம் பெண் 1905-இல் பெண்கள் ஆளும் நாட்டைக் கற்பனை செய்து எழுதிய 'சுல்தானாவின் கனவு' அச்சானது எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில். அயோத்திதாசர் சாதியற்ற ஒரு பழைய பௌத்த நாட்டை மீட்டெழுதினார். அடிபட்டவன் நல்ல ஊரைக் கனவு காண்பதும், கெட்ட ஊரின் சட்டத்தைப் பிரித்துக் காட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டாசு வேலைக்குப் போகிற ஒருவரிடம் உட்காருங்கள். வலியைக் கேட்காதீர்கள், விதிகளைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வேன் வரும், அதில் யார் எங்கே உட்காருவார்கள்? எந்த அறைக்கு யாரை அனுப்புகிறார்கள்? முன்பணம் யார் கொடுக்கிறார், எப்படிக் கழிக்கிறார்? செக்கிங் வருகிறது என்று எப்படி முன்கூட்டியே தெரிகிறது, அன்றைக்கு யாரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு சோறு மாற்றிக்கொள்வார்கள், யார் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்? எழுதி வையுங்கள். அந்த ஊரின் சட்டப் புத்தகம் அதுதான். எழுதியதைத் தொழிற்சங்கத்துக்கும் கொடுக்கலாம், வழக்குப் போடுகிறவருக்கும் கொடுக்கலாம். கதையாகவும் எழுதலாம். கதையாக எழுதினால் அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். படிக்கட்டு இல்லாத மாடியை இடிக்கத் தொடங்க வேண்டிய இடம் எனக்குத் தெரிந்து அந்தச் சோத்துச் சட்டிதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சண்டை போடுவதென்றாலும் போடலாம். ஜெய்பீம்.